பில் போடாதவரிடம் கேளுங்கள்

கேள்வி இதுதான். ஒரு பெண் மூன்று இடங்களில் முகத்தைக் காட்டியிருக்கிறார். ஒருவர் எண்ணெய்ச் சருமம் என்றார், இன்னொருவர் வறண்ட சருமம் என்றார், மூன்றாமவர் காம்பினேஷன், அதிலும் சென்சிடிவ் என்றார். சருமத்தில் ஒத்துப்போகாத மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள்: ஆளுக்கொரு பை நிறையச் சாமான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "என் முகத்தைப் பார்த்து, எனக்கென்று, எதையும் என் தலையில் கட்டாமல் சொல்லக்கூடிய ஆள் எங்கே கிடைப்பார்?" என்று கேட்கிறார்.

அப்படி ஒரே ஆளாகக் கிடைப்பது அபூர்வம். ஆனால் கேள்வியைப் பிரித்துக் கேட்டால் பதில் கிடைத்துவிடும். உங்கள் கேள்விக்குள் பல கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. சிலவற்றுக்கு மருத்துவர் வேண்டும். சிலவற்றுக்கு யாருமே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே பதில்தான். இன்னும் சிலவற்றுக்கு உங்கள் தோலைத் தவிர வேறு எவராலும் பதில் சொல்ல முடியாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் அழகுசாதனக் கவுண்டரில் நின்று விற்றவள். இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு மேக்கப் சொல்லித் தருகிறேன். தன் மோரைப் புளிப்பென்று யாரும் சொல்வதில்லை. ஆகவே மேக்கப் வகுப்பைப் பற்றி நான் பேசும் இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கவுண்டரில் நிற்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் அன்பானவர், மேக்கப்பில் நிஜமான ஆசை உள்ளவர். ஆனால் அவர் கையில் இருப்பது ஒரே பிராண்டின் அலமாரி. பெரிய கடைகளில் கட்டடம் ஒருவருடையது, கவுண்டரில் நிற்பவர் பெரும்பாலும் பிராண்டின் ஆள். மாதாமாதம் டார்கெட் உண்டு. ஃபேஸ்வாஷ் கேட்டு வந்தவர் ஃபேஸ்வாஷோடு மட்டும் போய்விட்டால் அன்று மாலை மேலாளர் கேள்வி கேட்பார். இதற்கு எங்கள் தொழிலில் 'லிங்க் செல்லிங்' என்று பெயர், ஒன்றோடு இன்னொன்றைக் கோத்து விற்பது. எங்களுக்குக் கொடுத்த பயிற்சியும் அந்த பிராண்டின் கையேடுதான். அதில் இல்லாத ஒரு பிரச்சினை எதிரே வந்து நின்றால், இருக்கிற சாமானில் எது பொருந்தும் என்றுதான் மனம் தேடும்.

ஒரு வாடிக்கையாளரை இன்னும் மறக்கவில்லை. வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள். எரிகிறது என்றார். ஏற்கெனவே இரண்டு கிரீம் போட்டுக்கொண்டிருந்தார். தோலை அமைதிப்படுத்தும் என்று சொல்லி நான் மூன்றாவதாக ஒரு கெட்டியான கிரீமை விற்றேன். வாயைச் சுற்றி வரும் அந்தத் தோல் அழற்சிக்கு 'பெரியோரல் டெர்மடைட்டிஸ்' என்று பெயர் என்பதும், கனமான கிரீம்களும் ஸ்டீராய்டு கிரீம்களும் அதைக் கிளப்பிவிடும் என்பதும், மருத்துவர் முதலில் சொல்வது 'முகத்தில் போடுவதையெல்லாம் நிறுத்துங்கள்' என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அன்று அதைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். 'நிறுத்துங்கள்' என்பதற்கு பில் போட முடியாதே. அன்றிலிருந்து ஒருவர் நடுநிலையா இல்லையா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும்: எதையாவது வாங்காதே, நிறுத்து என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா?

சரி, மூன்று பேர் ஏன் மூன்று விதமாகச் சொன்னார்கள்? பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. சரும வகை ரத்த குரூப் மாதிரி மாறாத ஒன்றல்ல. பருவநிலை, மாதவிடாய்ச் சுழற்சி, ஏசி அறை, காலையில் எந்த ஃபேஸ்வாஷ் போட்டீர்கள் என்பதெல்லாம் அதை மாற்றும். காரமான ஃபேஸ்வாஷால் ஒரு நாளைக்கு நான்கு முறை கழுவுகிற முகம் மேலே பளபளவென்றும் உள்ளே இழுத்துப் பிடித்தாற்போலும் இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் எண்ணெய் என்பார், இன்னொருவர் வறட்சி என்பார். வீட்டிலேயே பார்க்கலாம். மிதமான கிளென்சரால் முகம் கழுவி, எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். நெற்றி, மூக்கு மட்டும் மினுமினுக்கிறதா, முழு முகமுமா, அல்லது இழுக்கிறதா? வேறு வேறு நாளில் மூன்று முறை செய்தால் கவுண்டரில் ஐந்து நிமிடத்தில் சொல்வதைவிட நம்பகமான பதில் கிடைக்கும்.

இலவச ஸ்கின் அனாலிசிஸ் கேமராவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திரையில் காட்டுவார்கள். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும், பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். வயது வந்த யாருடைய முகத்தைக் காட்டினாலும் அநேகமாக அப்படித்தான் தெரியும். மருத்துவர் கையில் அது பயனுள்ள கருவிதான். கவுண்டரில் அது பயமுறுத்தும் கண்ணாடி. முகத்தை ஸ்கேன் செய்து மதிப்பெண் கொடுத்துவிட்டு, கீழேயே 'வாங்க' பொத்தான் வைத்திருக்கும் செயலிகளும் இதே கதைதான்.

விமர்சனங்களைப் படித்து முடிவெடுக்கலாமே என்றால், எச்சரிக்கையோடு. 2019இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், சண்டே ரைலி என்ற சரும நிறுவனத்தின் மீது ஒரு குற்றச்சாட்டை வைத்தது. நிறுவனத்தின் ஊழியர்களே பொய்ப் பெயர்களில் கணக்குத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கள் பொருளுக்குத் தாங்களே புகழுரை எழுதினார்கள் என்பது புகார். யார் எழுதுகிறார்கள் என்று தெரியாமல் இருக்க விபிஎன் பயன்படுத்தச் சொன்னதும், எதிர்மறை விமர்சனங்களை அமுக்கச் சொன்னதும் அதில் இருந்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்லவில்லை. ஐந்து நட்சத்திரத்துக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் படிப்பது மூன்று நட்சத்திர விமர்சனங்களை மட்டும். காசு வாங்கிப் புகழ்பவரும் எழுத மாட்டார், கோபத்தில் இருப்பவரும் எழுத மாட்டார். 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரத்தில் மூக்கில் பிரிந்துவிடுகிறது' என்பது மாதிரித் தகவல் அங்கேதான் இருக்கும்.

நடுநிலை என்பது ஒருவருடைய நிரந்தரக் குணமும் அல்ல. பாலா பெகூன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1980களில் அழகுசாதன நிறுவனங்களின் வாக்குறுதிகளைப் போட்டுக் கிழித்துப் புத்தகம் எழுதிப் பேர் வாங்கினார். 1995இல் தானே பாலாஸ் சாய்ஸ் என்ற பிராண்டைத் தொடங்கினார். 2021இல் யூனிலீவர் அதை வாங்கியது. அவர் அன்று சொன்னவற்றில் பல இன்றும் சரிதான், அவருடைய பிராண்டின் பொருட்களை நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் 1990இல் அவர் சொன்ன யோசனையும் 1996இல் சொன்ன யோசனையும் ஒன்றாகாது. நீங்கள் பின்தொடரும் வீடியோக்காரர் நேற்றுவரை சொந்தக் காசில் வாங்கிப் பேசியிருக்கலாம். இன்று தள்ளுபடிக் குறியீடு கொடுக்கிறார் என்றால், அதன் மூலம் நீங்கள் வாங்கும்போது அவருக்கும் ஒரு பங்கு போகலாம். அவ்வப்போது திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது யாரிடம் எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன்.

நோய் என்று சொல்லத்தக்க எதுவும் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வலிக்கிற பெரிய பருக்கள், தழும்பு விட்டுப்போகும் பருக்கள், கன்னத்தில் படரும் மங்கு, வாரக்கணக்கில் விடாத அரிப்பு, வடிவமோ நிறமோ மாறுகிற மச்சம். 'இந்த கிரீமை நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கிறது' என்ற நிலை எல்லாவற்றையும்விட அவசரம். அந்த கிரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம். டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களைத் தேடுங்கள். சிவப்பழகு கிரீம் என்று விற்பவற்றில் பாதரசம் கலந்தவையும் பிடிபடுகின்றன. கலோமெல், மெர்க்குரிக், மெர்குரியோ என்ற சொற்கள் தெரிந்தால் தொடவே வேண்டாம். மூலப்பொருள் பட்டியலே இல்லாத டப்பா என்றால் இன்னும் சந்தேகம்.

மருத்துவரிடம் போகும்போது முகத்தில் மேக்கப் இல்லாமல் போங்கள். வீட்டில் இருக்கும் சாமான் அத்தனையையும் பையோடு தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்பட வேண்டாம். மோசமான நாளில் எடுத்த புகைப்படம் இரண்டு இருக்கட்டும், டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கென்று முகம் பளிச்சென்று இருந்து தொலைக்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எதை நிறுத்தலாம்?"

மருத்துவர்களும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. சில கிளினிக்குகளில் வரவேற்பறையிலேயே அலமாரி நிறைய சீரம் இருக்கும். அது இருப்பதாலேயே அவர் மோசம் என்று ஆகாது. ஆனால் "இதே மருந்து வெளியே மருந்துக் கடையில் வேறு பெயரில் கிடைக்குமா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் நேராக வந்தால் நல்லது. முகம் சுளித்தால் வேறு மருத்துவரையும் பார்க்கலாம். நல்ல ஆலோசகரின் இன்னொரு அடையாளம், அவர் சொல்வதற்கு முன் கேட்பார். கர்ப்பமா, கர்ப்பத் திட்டம் உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், முன்பு எதற்காவது அலர்ஜி வந்ததா? ரெட்டினால் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த) வகைகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. நான் கவுண்டரில் ரெட்டினால் விற்ற நாட்களில் எத்தனை பேரிடம் அதைக் கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எதைப் போட்டாலும் சிவந்து அரிக்கிறது என்றால், இன்னொரு 'சென்சிடிவ்' கிரீமைத் தேடுவதை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். யாடசோன் என்ற மருத்துவர் 1895இல் அறிமுகப்படுத்திய முறை, இன்றுவரை அடிப்படை அதேதான். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். உங்களுக்கே உங்களுக்கென்று கிடைக்கும் பதில் இது. வாசனைப் பொருளா, ஒரு குறிப்பிட்ட பதப்படுத்தியா என்று பெயரோடு தெரிந்துவிடும். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல் அந்த வேலையைச் செய்யாது. அமெரிக்காவில் 1975இல் அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை வைக்க முயன்றார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டு, 1977இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. அங்கே இன்றும் ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு அந்தப் பெயரைச் சூட்டச் சட்ட வரையறை எதுவும் குறுக்கே நிற்பதில்லை.

இனி, தனிப்பட்ட யோசனையே தேவைப்படாத விஷயங்கள். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். மிதமான கிளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன், இவ்வளவுதான் அடிப்படை. இதில் 'எனக்கு மட்டும் பொருந்தும் அந்த ஒன்று' என்று ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே விற்பனையின் அஸ்திவாரம். பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 550 குழந்தைகளை வைத்து லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நான்கு வகைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2022இல் வெளியானது. பலனில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது பிடித்துத் தொடர்ந்து போடுகிறோமோ அதுவே நல்லது என்ற அளவில்தான் வந்து நின்றது. நோயுள்ள தோலுக்கே அப்படியென்றால், சாதாரண வறட்சிக்கு எந்த மாய்ஸ்சரைசர் என்று நாம் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

சன்ஸ்கிரீனும் அப்படித்தான். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 என்பது தோலைச் சுட்டெரிக்கும் யூவிபி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது சுமார் 98. அந்த ஒரு சதவீதத்தைவிட எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் முக்கியம். ஆய்வகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் போடுகிறோம். எந்த பிராண்ட் சொன்ன அளவைத் தருகிறது என்பதற்கு, விளம்பரம் வாங்காமல் தாங்களே பொருளை வாங்கிச் சோதிக்கும் நுகர்வோர் அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936இலிருந்து இதைச் செய்கிறது, ஜெர்மனியில் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் 2025இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 பொருட்கள் டியூபில் போட்டிருந்த எஸ்பிஎஃப் அளவை எட்டவில்லை. இந்தச் சோதனையை நீங்களோ நானோ நம் தோழியோ செய்ய முடியாது, வீடியோக்காரரும் செய்ய முடியாது. நோய்களைப் பற்றிப் படிக்க நியூசிலாந்து தோல் மருத்துவர்கள் தொடங்கிய டெர்ம்நெட் நல்ல இடம், படங்களோடு இருக்கும், இலவசம்.

பொதுவான பதிலுக்கு ஒரு விதிவிலக்கு மங்கு. மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறத்தைக் கூட்டலாம், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதற்கு உதவும். இந்த மாதிரி நுணுக்கத்துக்குத்தான் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

உங்கள் தோல் மட்டுமே சொல்லக்கூடிய பதிலை அதனிடமே கேளுங்கள். புதிய கிரீமை முழங்கையின் உள்பக்கம் ஒரு நாணயம் அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை தடவிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்கு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப்பொருள். மூன்றை ஒன்றாகத் தொடங்கிவிட்டு எது கடித்தது என்று கேட்டால் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. பருவுக்கான பொருளுக்குக் குறைந்தது 6 முதல் 8 வாரம் கொடுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், வாரம் ஒரு படம். நம் நினைவைவிட அந்தப் படங்கள் நேர்மையானவை.

மேக்கப் வேறு கணக்கு. இங்கே தவறினாலும் கழுவிவிடலாம், ஆனால் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் மேக்கப் கலைஞரிடம் ஒரே ஒரு வகுப்பு போதும். போவதற்கு முன் கேளுங்கள்: நீங்கள் ஏதாவது கிட் விற்கிறீர்களா? எந்த பிராண்டிடமாவது கமிஷன் உண்டா? என் பையில் இருப்பதை வைத்தே சொல்லித் தருவீர்களா? மூன்றாவதற்கு ஆமாம் என்பவரிடம் போங்கள். முகத்தின் ஒரு பாதியை அவர் செய்யட்டும், மறுபாதியை நீங்கள் செய்யுங்கள். முழு முகத்தையும் அவரே செய்து முடித்தால் அன்று அழகாக இருப்பீர்கள், மறுநாள் காலை கண்ணாடி முன் விழிப்பீர்கள்.

ஃபவுண்டேஷன் ஷேடு மட்டும் யார் சொன்னாலும் அங்கேயே நம்பாதீர்கள். மணிக்கட்டில் அல்ல, தாடையோரத்தில் கழுத்தைத் தொடும்படி பக்கத்துப் பக்கத்து ஷேடுகள் மூன்றைக் கோடாகப் போட்டுக்கொண்டு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள், சில ஃபவுண்டேஷன்கள் காயக் காய நிறம் கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோன் (தோலுக்கு அடியில் தெரியும் நிறச்சாயல்) கண்டுபிடிக்கும் வித்தையை நானும் வருடக்கணக்கில் செய்தேன். பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் வந்தது.

தோழிகளைப் பற்றி ஒரு வரி. 'பல்லில் லிப்ஸ்டிக் ஒட்டியிருக்கிறது' என்று சொல்லும் தோழியிடம் நிறம் கேளுங்கள், கிரீம் கேட்காதீர்கள். அவள் தோல் வேறு.

இப்போது உங்கள் மூன்று பைகள். மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஏதாவது இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு என்று சந்தேகப்படும் டியூப் இருந்தால் அதையும் திடீரென்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதில் கடிக்காத ஒரு கிளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன் மட்டும் வெளியே வைத்துவிட்டு, பாக்கியை நான்கு வாரம் பெட்டியில் போட்டு மூடுங்கள். நான்கு வாரம் கழித்து முகம் என்ன சொல்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் திறங்கள். சீல் உடைக்காதவற்றை மட்டும் பெட்டியில் போடாதீர்கள். பில் இருக்கும்போதே கடைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக்கொள்வார்களா என்று கேளுங்கள். நான் நின்ற கவுண்டரில் திருப்பிக்கொண்டோம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.